நனைத்த இடம்

இரும்புத் தகட்டின் நடுவில் இருந்த வட்ட ஓட்டைக்குள் உளியை இறக்கி, சுத்தியலால் மெல்லத் தட்டினாள். மண் பெயர்ந்தது. குழிக்குள் கையை விட்டுக் கரண்டியால் வழித்து, பக்கத்திலிருந்த தட்டில் சேர்த்தாள். ஒரு பொட்டு மண் வெளியே சிந்தக் கூடாது. சிந்தினால் எடை குறையும். எடை குறைந்தால் மண் இறுகவில்லை என்று கணக்கு வரும். காற்று வீசும்போதெல்லாம் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தட்டின் மேல் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

பத்தடி தள்ளி ரோலர் நின்றுகொண்டிருந்தது. அதன் இருக்கையில் அவள் புருஷன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் போட்டு உட்கார்ந்திருந்தான். இறங்கி நிழலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாலத்துக்கு ஏறுகிற சாலைக்காக அந்த மண்மேட்டை அடுக்கு அடுக்காக உயர்த்திக்கொண்டிருந்தார்கள். லாரிகள் மண்ணைக் கொட்டும், ஒரு வண்டி அதைப் பரப்பும், ரோலர் மேலே ஓடி இறுக்கும். ஒவ்வொரு அடுக்கும் இறுகிவிட்டதா என்று லேப்காரர்கள் குழி தோண்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்த அடுக்கு. லேப்காரர்கள் என்றால் டிப்ளமோ படித்த ஒரு பையனும் அவளும்தான். பையனை எல்லோரும் லேப் தம்பி என்பார்கள்.

தம்பி உருளையிலிருந்த சலித்த மணலைக் குழிக்குள் இறக்கினான். குழி எவ்வளவு மணல் குடிக்கிறதோ அதுதான் அதன் கொள்ளளவு. தோண்டிய மண்ணை எடை போட்டு, அதில் ஒரு பங்கை ஷெட்டுக்குக் கொண்டுபோய் ஸ்டவ்வில் வறுத்து, அதில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று பார்க்க வேண்டும். வறுப்பது அவள் வேலை. தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப்பில் பெண்கள் கேலி செய்வார்கள். "உப்புப் போட்டியா, காரம் போட்டியா? எங்களுக்கும் ஒரு கை கொண்டு வாயேன்" என்பார்கள்.

இன்று வாணலிக்கு மேல் கண்ணாடித் துண்டைப் பிடித்துப் பார்த்தாள். ஆவி படியவே இல்லை. அடுப்பில் வைத்த உடனேயே மண் காய்ந்துவிட்டிருந்தது. காய்வதற்கு அதில் ஈரம் என்று ஒன்று இருந்தால்தானே.

"எவ்ளோ?" வாசலில் நின்றபடியே இன்ஜினியர் கேட்டார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"தொண்ணூறு பர்சென்ட் சார்," என்றான் தம்பி.

"தொண்ணூத்தேழு வேணும்."

"ஆமா சார். மண்ணு ரொம்பக் காஞ்சிருக்கு. போன வாரம் வரைக்கும் வந்தது சரளை மண்ணு. இது வேற குழி மண்ணு, மாவா இருக்கு. வேரும் கலந்து வருது. லாரிக்காரங்க முழங்கால் உயரத்துக்குக் கொட்டிட்டுப் போயிடறாங்க. தண்ணி விட்டு, கொஞ்சம் மெல்லிசாப் பரப்பினா..."

"தெரியும்ப்பா. நானும் அதைத்தான் படிச்சிட்டு வந்திருக்கேன்." இன்ஜினியர் எரிச்சலாகச் சொல்லவில்லை. தூங்காதவர் குரலில் சொன்னார். "தண்ணி லாரி ஒண்ணுதான் இருக்கு. வியாழக்கிழமை பெரியவங்க வர்றாங்க. ஆபீஸ் முன்னால போட்டிருக்கிற புல்லு பச்சையா இருக்கணும், ரோட்ல தூசி பறக்கக் கூடாது. எனக்கு வந்திருக்கிற உத்தரவு அது. நான் என்ன பண்ணட்டும்?"

இன்ஜினியர் வெளியே போய் ரோலரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்னப்பா, ரெண்டு தடவையும் ஃபெயில். ஓட்டுறியா, இல்ல மேல உக்காந்து ஊஞ்சல் ஆடுறியா?"

"ஓட்டிக்கிட்டுதான் சார் இருக்கேன். காலையிலருந்து இதுலயேதான்..."

"நாளைக்கு மறுபடி குழி போடுவாங்க. வரலைன்னா வேற ஆள் வருவான். கம்பெனி ஏற்கெனவே கேக்குது. என் மேல வருத்தப்படாதே."

ஷெட்டுக்குள் அவள் வாணலியைக் கவிழ்த்தாள். வறுபட்ட மண் தரையில் விழுந்ததும் புகை மாதிரி எழும்பிப் பறந்தது.

* * *

தகரச் சுவர்களும் தகரக் கூரையுமாக வரிசையாக நின்ற அறைகளில் கடைசி அறை அவர்களுடையது. ஒரு கட்டில், ஒரு பெட்டி, ஆணியில் தொங்கும் துணிகள், மூலையில் அடுப்பு. அவன் கையை நீட்டிப் படுத்தால் விரல் அடுப்பில் இடிக்கும். ஆனாலும் அந்த அறைக்கு அவள் திரை தைத்துப் போட்டிருந்தாள். வாசலில் உடைந்த வாளியில் ஒரு செடி.

கல்யாணமான பிறகு அவர்கள் ஒன்றாக இருந்த இடம் இதுதான். அதற்கு முன்னால் ரோலர் போன ஊருக்கெல்லாம் அவன் போனான். அவள் அக்கா வீட்டில் இருந்தாள், போனில் குடும்பம் நடத்தினாள். "ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா, இல்ல ரெண்டு சிம் கார்டா?" என்று அக்கா கேட்பாள். இங்கே லேப் ஷெட்டில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்தபோது, அவன் இன்ஜினியர் பின்னாலேயே அலைந்து அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தான். அவள் ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய அன்று, ரோலரை நடு மேட்டில் நிறுத்திவிட்டு ஓடி வந்து, மண் பிடித்த கையால் பெட்டியை வாங்கினான். அந்தக் கைத்தடம் பெட்டி மேல் இன்னும் இருந்தது. அவள் துடைக்கவில்லை.

இந்த மத்தியானம் அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"பிசைஞ்சது போதும். அது நல்லா இறுகிடுச்சு," என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை.

"வேற ஆள் வந்தா நீ மட்டும் இங்க இருந்துக்க. உன் வேலை நிக்கும்ல."

"இருந்து? இந்தக் கட்டில்ல நானும் ரோலரும் குடும்பம் நடத்தவா?"

"அப்ப அக்கா வீட்டுக்குப் போறியா?"

"போக மாட்டேன்."

"பின்ன?"

அவள் தண்ணீர்க் குடத்தை எட்டிப் பார்த்தாள். பாதி இருந்தது. "மேகத்தைக் கேட்டீங்களா?"

மேகம் என்பது தண்ணி லாரி டிரைவருக்கு வைத்த பேர். வருவான் வருவான் என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வர மாட்டான்.

"கேட்டேன். அவன் என்ன பண்ணுவான் பாவம். டேங்க்கு நிறைஞ்சதும் செக்யூரிட்டி கூடவே ஏறி உக்காந்துக்கிறான். புல்லுக்குக் காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. நடுவுல ரோட்டுக்கு. 'மாமா, நான் மேகம் இல்ல, தோட்டக்காரன் ஆயிட்டேன்'ங்கிறான்."

தகரம் வெயிலில் விரிந்தது, படக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"மேடு பூரா நனைக்க லாரி வேணும்," என்றாள் அவள் மெதுவாக. "ஒரு குழிக்கு எவ்ளோ வேணும்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க தோண்டலாம்னு தம்பி என்னைத்தான் கேக்கும். 'அக்கா, எங்க உங்களுக்கு உக்காரத் தோதா இருக்கோ அங்க'ன்னு விட்டுரும். நான் எங்க உக்கார்றேனோ அங்கதான் குழி."

"பரீட்சையில காப்பி அடிக்கிற மாதிரி இருக்கு."

"மண்ணுக்குத் தண்ணி ஊத்துறது காப்பியா? ஊத்தாம ஓட்டச் சொல்றாங்களே, அது என்னவாம்? நீங்க ஓட்டுறது ஒழுங்கா இருக்குன்னு ஒரு இடத்துலயாவது தெரியட்டும். தண்ணி கிடைச்சா இந்த ஆள் எப்படி இறுக்குவான்னு அவங்க பாக்கட்டும். பாத்தா தண்ணி குடுக்கத்தானே தோணும்?"

அவன் சாப்பாட்டை ஒரு வாய் எடுத்தான். மென்றுகொண்டே யோசித்தான். பிறகு, "ஓரத்துல வேணாம்," என்றான். "ஓரத்துல எப்பவும் மண்ணு நழுவும். நடுவுல, அளவுக்கு நட்டிருக்கிற கொடிக்கம்புக்குப் பக்கத்துல உக்காரு."

* * *

வேலை விடுகிற சைரன் அடித்து, லாரிகள் போன பிறகு, கேம்ப் பெண்கள் வந்தார்கள். அவள் இரண்டு பேரிடம்தான் சொல்லியிருந்தாள். அதில் ஒருத்தி கம்பி கட்டுகிறவரின் மனைவி; அவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அவள் காதில் விழுந்தால் கேம்ப் முழுக்க விழுந்த மாதிரி. குளிக்க வைத்திருந்த வாளி, பாத்திரம் கழுவ வைத்திருந்த குடம் என்று தூக்கி வந்தார்கள்; ஒருத்தி பால் பாட்டிலில் கூடக் கொண்டு வந்திருந்தாள்.

"சோப்புத் தண்ணி வேணாம் அக்கா, நல்ல தண்ணி மட்டும்."

"பாரு, மண்ணுக்கு நல்ல தண்ணியாம். என் பிள்ளைங்க நாளைக்குக் குளிக்காமப் பள்ளிக்கூடம் போகப் போகுதுங்க."

"என்னைக்கு அக்கா குளிச்சிட்டுப் போயிருக்குங்க?"

"அதுவும் சரிதான்." பெரியக்கா வாளியைச் சாய்த்தாள். "ஊத்து, ஊத்து. புருஷன் பொண்டாட்டி பிரியக் கூடாதுன்னா குளத்தையே கொண்டாரலாம். என் வீட்டுக்காரன் வேலை போனா மட்டும் யாரும் ஊத்திடாதீங்கடி, நான் கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கணும்."

சிரிப்பு மேட்டைத் தாண்டிக் கேட்டிருக்கும். ரோலர்காரன் மண்வெட்டியால் மண்ணைக் கொத்திப் புரட்டிக்கொண்டே இருந்தான். ஒரே இடத்தில் கொட்டினால் மேலே சேறாகும், அடியில் காய்ந்தே கிடக்கும். ஒரு வாளி ஊற்றினால் ஒரு புரட்டு. கையில் எடுத்து இறுக்கிப் பார்த்தான். முதலில் உருண்டை உதிர்ந்தது. இன்னும் ஊற்றினார்கள். பிறகு உருண்டை நின்றது, விரல் தடம் பதிந்தது, உள்ளங்கையில் ஈரம் ஒட்டவில்லை.

"போதும். இதுக்கு மேல விட்டா ரோலர் மெத்தை மேல போற மாதிரி ஆடும்."

அவன் நனைத்த இடத்தைச் சுற்றி நடந்து பார்த்தான். "நம்ம ரூம் அளவுதான் இருக்கு," என்றான்.

"அப்ப இங்க அடுப்பு, இங்க கட்டில்," என்று அவள் காலால் காட்டினாள்.

சாக்குகளை நனைத்து மேலே விரித்து, ஈரம் உள்ளே ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். அன்று கேம்ப்பில் யாரும் பாத்திரம் கழுவவில்லை.

மறுநாள் காலையில், மற்ற வண்டிகள் வருவதற்கு முன்னாலேயே, ரோலர் அந்த இடத்தின் மேல் போய் வந்துகொண்டிருந்தது. ஆரம்பத்தில் மண் அமுங்கியது. போகப் போக அமுங்குவதை நிறுத்தியது. ரோலரின் சத்தமே மாறியது. அடியில் இருப்பது மண் இல்லை, கல் என்பது போல அவன் இடுப்புக்கு அதிர்வு திரும்பி வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு! அவன் தனக்குள் சிரித்துக்கொண்டான். கடைசியில் இரண்டு கூடை காய்ந்த மண்ணை மேலே தூவினான். மேடு முழுவதும் ஒரே நிறமாகத் தெரிந்தது.

* * *

"எங்கக்கா தோண்டலாம்?" என்று தம்பி கேட்டான்.

"இங்கயே உக்காந்துடறேன் தம்பி. முட்டி வலிக்குது."

தகட்டை வைத்தாள். உளி இறங்க மறுத்தது. சுத்தியலை ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது. கரண்டியில் வந்த மண் கட்டி கட்டியாக, கருத்து இருந்தது. தம்பி ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினான். உருண்டை நின்றது. அவளைப் பார்த்தான்.

"நைட்டு மழை பெஞ்சுதாக்கா?"

"பெஞ்சுது தம்பி. இந்த இடத்துல மட்டும்."

அவன் உருண்டையைத் தட்டில் திரும்பப் போட்டான். வேறு எதுவும் கேட்கவில்லை. மணலை இறக்கினான். அவனுக்கும் வேலை வேண்டியிருந்தது. அந்த மேட்டில் எல்லோருக்குமே வேண்டியிருந்தது.

ஷெட்டில் வாணலி மேல் பிடித்த கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். மறுபடியும் படிந்தது. அவசரப்படாமல் கிளறினாள். கண்ணாடி சுத்தமாக நிற்கும் வரை இறக்கவில்லை. ஏமாற்றிய மாதிரி எதுவும் இருக்கக் கூடாது என்று நினைத்தாள். அந்த இடத்தின் கணக்காவது அந்த இடத்துக்கு உண்மையாக இருக்கட்டும்.

"எவ்ளோ?" வாசலிலிருந்து இன்ஜினியர்.

"தொண்ணூத்தெட்டு சார்."

இன்ஜினியர் உள்ளேயே வந்துவிட்டார். தாளை வாங்கிக் கடைசி வரியைப் பார்த்தார். ஒரு வாரம் நன்றாகத் தூங்கி எழுந்தவர் மாதிரி அவர் முகம் தெளிந்தது. வெளியே போய் ரோலர்காரனின் தோளில் தட்டினார்.

"பாத்தியா? மனசு வெச்சா வருதுல்ல? திட்டினாத்தான் வேலை நடக்குது உங்களுக்கெல்லாம்."

ரோலர்காரன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணால் சொன்னாள்: இப்போ கேளுங்க.

"சார், இதே மாதிரி மேடு பூரா கொண்டு வந்துடலாம் சார். தண்ணி லாரி மட்டும் ஒரு நடை..."

"தண்ணியா?" இன்ஜினியர் போனை எடுத்துக்கொண்டே கேட்டார். "நேத்து லாரி வந்துச்சா?"

"இல்ல சார்."

"முந்தாநாள்?"

"இல்ல சார்."

"பின்ன இன்னைக்குத் தொண்ணூத்தெட்டு எப்படி வந்துச்சு?"

அவன் வாயைத் திறந்தான். அவள் ஷெட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி குனிந்து தராசைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்திருந்த தராசு. சொன்னால் அந்தக் குழி செல்லாது. செல்லாவிட்டால் மூன்றாவது ஃபெயில். மூன்றாவது ஃபெயில் என்றால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

"சொல்லுப்பா."

"நல்லா... ஓட்டினேன் சார்."

"அதான். இனிமேலும் நல்லா ஓட்டு." இன்ஜினியர் போனில் பேசத் தொடங்கிவிட்டார். "ஆமா சார், பாஸ் ஆயிடுச்சு. தொண்ணூத்தெட்டு. இல்ல சார், தண்ணியே தேவைப்படல, அந்த மண்ணுக்கு. மேட்டுக்குன்னு கேட்டிருந்த லாரியை நிறுத்திடலாம் சார். ஆமா, ரெண்டாவது லாரி வேணாம்னு சொல்லிடுங்க. வியாழக்கிழமை அவங்களை மேலயே கூட்டிட்டு வந்து காட்டிடலாம்..."

இரண்டாவது லாரிக்குக் கேட்டிருந்தார் என்பதே அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அதற்குள் மண் லாரிகள் பின்பக்கமாக ஏறி வந்தன. நனைத்த இடத்தின் மேல் முதல் லோடு விழுந்தது. முழங்கால் உயரத்துக்கு, வேரும் மாவுமாக.

* * *

சாப்பாட்டு நேரத்தில் அவன் ரோலர் நிழலில் உட்கார்ந்திருந்தான். இமைமயிர் வரை மண். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, மீதியை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

"குடிங்க. எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"நாளைக்கு மறுபடி குழி."

"அதுக்கு இந்தப் பாட்டிலா?"

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தான்.

"என்னாலதான்," என்றாள் அவள்.

"என்ன உன்னால? நல்லாத்தான் இருந்துச்சு. அந்த அதிர்வு இன்னும் இடுப்புல இருக்கு." கையால் அவள் கன்னத்திலிருந்த மண்ணைத் துடைக்கப் போனான். அவன் கையில் அதைவிட அதிக மண் இருந்தது. கையை இழுத்துக்கொண்டான். "பெரியக்காகிட்ட மறுபடி கேக்க முடியுமா?"

"முடியாது. கேம்ப் தொட்டிக்குத் தண்ணி விடற முறை நாளன்னைக்குத்தான். காலையிலயே அவங்க பிள்ளைங்க முகம் கழுவாமப் போச்சுங்க."

சைரன் அடித்தது. அவன் எழுந்து ஏறினான். ரோலர் நகர்ந்ததும் அடியிலிருந்து தூசி எழும்பியது. அது மேட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி, காற்று போன பக்கமெல்லாம் போனது.

அவள் ஷெட்டிலிருந்து காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தாள். கருவிகளைக் கழுவத் தண்ணீர் வேண்டும் என்று கேட்கலாம். கழுவ வேண்டிய கரண்டி இடுப்பில் செருகியே இருந்தது.

ஆபீஸ் முன்னால் தண்ணி லாரி நின்றது. மேகம் ரப்பர் குழாயைப் பிடித்துப் புல்லுக்கு அடித்துக்கொண்டிருந்தான். புல் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டு வந்து ஒட்டியது. அடியில் மண் சொதசொதவென்று ஊறிப்போய், குடிக்க மாட்டேன் என்று தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அவள் ஓரமாகக் கால் வைத்தாள். கணுக்கால் வரை உள்ளே போயிற்று.

"யம்மா, புல்லு மேல நிக்காதே," என்றான் செக்யூரிட்டி.

அவள் காலை உருவிக்கொண்டு பின்னால் வந்தாள். மேகம் அவளையும் குடத்தையும் பார்த்தான். செக்யூரிட்டி அந்தப் பக்கம் திரும்பியபோது, ஒன்றும் தெரியாதவன் மாதிரி குழாயை மெல்ல அவள் குடத்தின் பக்கம் திருப்பினான். இரண்டு கை தண்ணீர் விழுந்திருக்கும்.

"டேய்!" ஆபீஸ் படியிலிருந்து இன்ஜினியர் கத்தினார். "புல்லு பூரா தூசி படிஞ்சு கிடக்கு பாரு. பச்சையே தெரியல. மேட்டுலருந்து வருது போல. இன்னொரு தடவை நல்லா அடிச்சுக் கழுவி விடு."

"இதோ சார்."

குழாய் புல்லுக்குத் திரும்பியது. தூசியைக் கழுவிய தண்ணீர் புல்லின் விளிம்பில் வழிந்து, சிமெண்ட் வாய்க்காலில் இறங்கி, வாசலைத் தாண்டி வெளியே ஓடியது. அவள் வாசலுக்கு வெளியே போனாள். அங்கே வாய்க்கால் ஆழமில்லை; குடத்தைச் சாய்த்தும் அதன் வாய் முழுகவில்லை.

அவள் குந்தி உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து கரண்டியை உருவி, கலங்கிய தண்ணீரை அள்ளிக் குடத்தில் ஊற்றத் தொடங்கினாள். மேட்டில் ரோலர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. குழிக்குள்ளிருந்து மண்ணை எடுப்பதுபோலவே, இடது கையை அடியில் ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் அள்ளினாள்.